மூன்றாம் மாடிச் சப்பாத்து

மாமிக்கு என்னுடைய முகம் ஞாபகம் இருக்குமோ என்பது சந்தேகம். என்னுடைய காலை மறந்திருக்க மாட்டார். டென்மார்க்கில், ஹேர்னிங் என்ற ஊரில் ஒரே கட்டடத்தில் பல வருடம் குடியிருந்தோம். அவர் கீழ்த்தளம், நான் இரண்டாம் மாடி. ஒரேயொரு நாளைத் தவிர, அவர் என்னோடு கதைத்ததெல்லாம் என் முழங்காலுக்குக் கீழே பார்த்துத்தான். கொஞ்சம் லட்சணமான ஆளாக இருந்திருந்தால் எனக்குக் கவலையாக இருந்திருக்கும். என் முகத்தைப் பொறுத்தவரை அதை ஒரு உபகாரமாகவே எடுத்துக்கொண்டேன்.

அவர் எங்களில் ஒருவருக்கும் மாமி இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் மாமி. பீட்சா கொண்டுவருகிற டெனிஷ் பொடியன்கூட அவரைக் கண்டால் "ஹை, மாமி" என்பான். அவனுக்கு அது அவருடைய பெயர்.

சின்ன உருவம். எப்போதோ இறந்துபோன கணவருடைய மழைக்கோட்டைக் கோடையிலும் போட்டிருப்பார். வேலை செய்த காலமெல்லாம் வயோதிபர் இல்லத்தில். "டெனிஷ்காரக் கிழவருக்குச் சொக்ஸ் போட்டே என்ர காலம் போச்சுது, தம்பி. குனிஞ்ச தலை நிமிரமாட்டனெண்டுது" என்பார். பகிடியாகச் சொல்கிறாரா, கவலையாகச் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க அவருடைய கண்ணைப் பார்க்க வேண்டும். அது முடியாது.

வீட்டுக்குள் சப்பாத்தோடு போகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. அந்தக் கட்டடத்தில் முக்கால்வாசி தமிழ்க் குடும்பங்கள். ஒவ்வொரு கதவுக்கு வெளியேயும் சப்பாத்துகள் குவிந்து கிடக்கும். மாமி காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை, கைபிடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி இறங்குவார். முழங்காலுக்குத் தேகப்பயிற்சி என்று சொல்லிக்கொள்வார். எங்களுக்குப் பேப்பர் வாசிப்பது போல அவருக்கு அது.

"நேற்று உங்கட வீட்டில கரைச்சலோ?" என்று ஒருநாள் கேட்டார்.

"இல்லையே மாமி."

"ஒரு சப்பாத்து கதவடியில கிடக்கு. மற்றது படியில கிடக்கு. தானாய் நடந்து வந்ததாக்கும்."

தானாக நடந்து வரவில்லை. என் மனைவியின் காலால் வந்தது. நான் அவளுடைய தம்பியின் கார் ஓட்டத்தைப் பற்றி ஒரு பகிடி விட்டிருந்தேன்.

இன்னொரு பாடமும் எனக்கு நடத்தினார். "கழட்டேக்க நுனி கதவைப் பாத்து நிண்டால், உள்ளுக்கு வாற எண்ணம். படியைப் பாத்து நிண்டால், வெளிக்கிட்டுப் போற எண்ணம். வாய் ஆயிரம் கதைக்கும். நான் கீழதான் பாப்பன்." அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் என் சப்பாத்தைத் திருப்பி, நுனி கதவைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். மனைவி கவனித்தாளோ தெரியாது. மாமி கவனித்தார். "இப்ப நல்ல பிள்ளை" என்றார்.

முதலாம் மாடியில் ஒரு பெந்தெகொஸ்தே குடும்பம் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அங்கே ஜெபக்கூட்டம். படி முழுக்கச் சப்பாத்து நிற்கும். மாமி சைவ சமயம். உள்ளே போகமாட்டார், வெளியே நின்று பார்ப்பார். ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு கறுப்புச் சோடியைக் காட்டி, "இந்தாளுக்குக் கால் வீங்குது. கயிறு கட்டாமல் வாறார். நெஞ்சைக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லும்" என்றார். நான் சொல்லவில்லை. ஒருவரிடம் போய், உங்கள் சப்பாத்துக்கு வருத்தம் என்று எப்படிச் சொல்வது? அடுத்த கிழமை அந்த மனிதர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்துவிட்டார். ஆனால் அதன் பிறகு மாமி ஏறிவருகிற சத்தம் கேட்டால் போதும். போய் என் சப்பாத்தின் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு வருவேன்.

பிள்ளைக்காசுக் கதை இதற்குப் பிறகு நடந்தது. டென்மார்க்கில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு அரசாங்கம் காசு போடும். நாங்கள் அதைப் பிள்ளைக்காசு என்போம். தாயோ தகப்பனோ தனியாக வளர்த்தால் அதற்கு மேலே இன்னும் கொஞ்சம் வரும். இந்தக் கொஞ்சம் சிலருடைய மூளையைக் கொஞ்சம் வேலைசெய்ய வைத்தது. எங்கள் கட்டடத்தில் ஒரு சோடி கடதாசியில் பிரிந்திருந்தார்கள். புருஷனின் முகவரி விபோர்க்கில், அவருடைய தமையன் வீட்டில். ஆளுடைய காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் நித்திரையும் ஹேர்னிங்கில்.

ஒரு மழை நாள் மாமி அவர்களுடைய கதவடியில் நின்று, படி முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்: "விபோர்க்கில இருக்கிறவற்ற சப்பாத்து இஞ்ச காயுது."

எல்லோரும் சிரித்தோம். நான்தான் ஆகக் கூடச் சிரித்தேன். அடுத்த மாதம் நகரசபையான கொம்யூனிலிருந்து அந்த வீட்டுக்குக் கேள்வி வந்தது. வாங்கிய காசைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். அந்தக் குடும்பம் ஒருவரிடமும் சொல்லாமல் வீடு மாறியது.

யார் சொன்னது என்று எவருக்கும் தெரியாது. ஆனால் கட்டடம் முழுக்க ஒரே நாளில் மாமிதான் என்று முடிவெடுத்தது. நானும் அந்த முடிவில் இருந்தேன். ஒருவரும் அவரோடு சண்டைக்குப் போகவில்லை. சப்பாத்துகளை உள்ளே எடுத்துவிட்டோம், அவ்வளவுதான். எல்லாக் கதவடியும் துடைத்த மாதிரி ஆகியது. எங்கள் பிள்ளைகளுக்குச் சந்தோஷம். மற்ற டெனிஷ்காரர் வீடு போல இப்போதுதான் இருக்கிறது என்று டெனிஷில் சொல்லிக்கொண்டார்கள்.

மாமி அன்றைக்கும் ஏறிவந்தார். வெறும் கால்மிதிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன, எல்லாரும் ஊரை விட்டுப் போட்டினமோ?"

"குளிர் மாமி. வெளியில விட்டால் சப்பாத்துக்குத் தடிமன் பிடிக்கும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் காலைப் பார்த்தார். வீட்டுச் சொக்ஸில் பெருவிரல் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. திரும்பி இறங்கினார். அதற்குப் பிறகு அவர் ஏறி இறங்குவது நிற்கவில்லை; பார்ப்பதும் நிற்கவில்லை. கதைப்பது நின்றுவிட்டது. வாய் மூடிய மாமி, வாய் திறந்த மாமியைவிடப் பயங்கரம்.

அந்த நேரத்தில்தான் மூன்றாம் மாடிக்குச் சுகந்தி வந்தாள். இரண்டு சின்னப் பிள்ளைகள். இவள் கடதாசியில் பிரிந்தவள் இல்லை. உண்மையாகவே பிரிந்தவள், தப்பி வந்தவள் என்று சொன்னால் இன்னும் சரி. புருஷன் கோப்பன்ஹேகன் பக்கம், ஹ்விடோவ்ரேயில். எங்கே போனாலும் தேடி வருவேன் என்று சொல்லியிருந்தானாம். அதனால் அவளுடைய முகவரியை அரசாங்கமே மறைத்து வைத்திருந்தது. கீழே பெல் அடிக்கிற இடத்தில் அவளுடைய கதவுக்கு நேரே பெயர் இல்லை. என்னுடைய பெயர்தான் அங்கே இருந்ததில் ஆகப் பெரியது. வந்த புதிதில் ஒரு பெருமைக்கு எழுதி ஒட்டினேன்.

பிள்ளைகளைப் பார்க்க வேண்டியிருந்ததால் சுகந்தி அரைநேர வேலைதான் செய்தாள். தனித்தாய்க்கு வருகிற அந்தக் கூடுதல் பிள்ளைக்காசு இருந்ததால்தான் வீட்டு வாடகை கட்ட முடிந்தது. அந்தக் காசு நின்றால் வீடும் போகும். அதை என் மனைவியிடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தாள்.

தனியாக இருக்கிற பெண் கதவுக்கு வெளியே ஒரு ஆம்பிளைச் சப்பாத்தைப் போட்டு வைக்க வேண்டும் என்பது எங்கள் பெண்களுடைய பாதுகாப்புச் சட்டம். வருகிறவன் உள்ளே ஆள் இருக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் போவானாம். சுகந்திக்கு அந்த யோசனையைச் சொன்னது என் மனைவி. சப்பாத்தும் எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. நான் தளபாடத் தொழிற்சாலையில் போட்டுத் தேய்த்த, முன்பக்கம் இரும்பு வைத்த வேலைச் சப்பாத்து.

"அதை ஏனப்பா எடுக்கிறீர்? நல்லதாய் ஒண்டு குடுக்கலாமே" என்றேன்.

"அந்த நாத்தத்துக்குக் கள்ளனும் கிட்ட வரமாட்டான்" என்றாள்.

சப்பாத்தின் நாக்குக்கு உள்பக்கம் என் முழுப்பெயரையும் கறுப்பு மையால் எழுதியிருந்தேன். வேலையிடத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சப்பாத்து. மாறிப்போகாமல் இருக்க எழுதச் சொல்வார்கள். என்னுடையதை மாறியும் ஒருத்தன் எடுக்கவில்லை.

இப்படி என் கால் இரண்டும் இல்லாமலே என் சப்பாத்து மூன்றாம் மாடியில் குடியேறியது. கட்டடத்திலேயே வெளியே நின்ற ஒரே சோடி அதுதான்.

கார்த்திகை மாத மழை தொடங்கியிருந்த ஒரு பின்னேரம் சுகந்தி போனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் குசினிக்கு வந்தாள். பிள்ளைக்காசு கொடுக்கிற அரசாங்கக் கந்தோர் எழுதியிருந்தது. மனைவி வாங்கி வாசித்தாள். இந்த வீட்டில் ஒரு ஆண் வசிப்பதாகத் தகவல் கிடைத்திருக்கிறது. மூன்றாம் மாடி, இடப்பக்கக் கதவு. அவருடைய சப்பாத்து நிரந்தரமாக வெளியே இருக்கிறது. வந்து விளக்கம் தரவேண்டும். இல்லையென்றால் தனித்தாய்க்கான காசு நிறுத்தப்படும்.

"நான் இவ்வளவு காலம் வேலை செய்தும் ரெண்டாம் வீடு வாங்கேல்லை. என்ர சப்பாத்து வாங்கிப்போட்டுது" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. என் மகள் மட்டும் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி, இது பகிடி இல்லை அப்பா என்று டெனிஷில் சொன்னாள்.

"மாமிதான்" என்றாள் மனைவி. "வேற ஆர் சப்பாத்துப் பாக்கிறது? போங்கோ. போய்க் கேளுங்கோ."

கட்டடத்தில் ஆகப் பயந்த ஆளைத் தூது அனுப்பினார்கள். படியிறங்கும்போது கோபத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். மாமி கதவைத் திறந்து என் காலைப் பார்த்தார்.

"கோவத்தோட வந்திருக்கிறீர். சப்பாத்தை மாறிக் கொழுவிக்கொண்டு வாறீர்."

குனிந்து பார்த்தேன். ஒரு காலில் என்னுடையது, மற்றக் காலில் மகளுடைய செருப்பு. கூட்டிக்கொண்டு போன கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே கொட்டிவிட்டது. மிச்சத்தை வைத்துக்கொண்டு கேட்டேன்.

மாமி உள்ளே திரும்பிப் போய், சூடேறியிருந்த மினுக்குப் பெட்டியை எடுத்துச் சட்டை மினுக்கத் தொடங்கினார். கதைக்கும்போதும் நிறுத்தவில்லை.

"மேல நிக்கிறது உம்மட சப்பாத்தெண்டு எனக்கு முதல் நாளே தெரியும். வலது குதி வெளிப்பக்கம் தேஞ்சு போச்சு. நீர் நடக்கிறது அப்பிடி. அதுக்குள்ள ஒருத்தரும் கால் வைக்கிறேல்லை எண்டும் தெரியும். பெட்டை பயத்துக்கு வைச்சிருக்கிறாள். அதைப் போய் நான் ஆருக்குச் சொல்லுறது?"

"விபோர்க்காற்ற கதை..."

"அது நீங்கள் எல்லாரும் சேந்து தீர்ப்பு எழுதின கதை. எனக்கு அதில கதைக்க ஒண்டுமில்லை."

இல்லை என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. சட்டையை மடித்து வைத்துவிட்டு அவர் தொடர்ந்தார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"வேற ஒண்டு கிடக்கு. மழை தொடங்கினாப் பிறகு ஒரு ஈரச் சப்பாத்து மேல போய் வருது. பெரிய கால். உங்கள் ஒருத்தற்றையும் இல்லை. அடையாளம் நேர மூண்டாம் மாடிக்குப் போகுது. சுகந்தியின்ர கதவடியில தண்ணி தேங்கி நிக்கும். அவ்வளவு நேரம் நிண்டிருக்கு. பெல் அடிக்கிறேல்லை. அடிச்சால் எனக்குக் கேக்கும். நிண்டுபோட்டு இறங்கிப் போகுது. ஒருக்கா இல்லை, தம்பி."

"ஐயோ மாமி, ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"ஆருக்கு? உங்கட கதவடியில ஒண்டையும் காணேல்லை. ஆக்கள் இல்லாத கட்டடமெண்டு இருந்திட்டன்."

அதை அவர் மினுக்குப் பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் எனக்கு முகத்தில் சூடு பட்டது போல இருந்தது.

மேலே வந்து சொன்னேன். காசைப் பற்றி நடுங்கிக்கொண்டிருந்த சுகந்தி இதைக் கேட்டதும் நடுங்குவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அப்ப அவருக்கு வீடு தெரிஞ்சிட்டுது" என்றாள்.

எப்படித் தெரிந்தது என்று யோசிக்க நேரமில்லை. யாராவது ஒரு பிறந்தநாள் விழாப் படத்தைப் போனில் போட்டிருப்பார்கள். எங்கள் சனத்துக்கு அது போதும். மிச்சம் விளங்கியது. அவன் ஏறி வந்திருக்கிறான். கதவடியில் ஆம்பிளைச் சப்பாத்தைக் கண்டிருக்கிறான். உள்ளே வேறொருத்தன் இருக்கிறான் என்று நம்பி, கந்தோருக்கு அறிவித்தவனும் அவன்தான். யாரைத் துரத்த வைத்தோமோ அவனை என் சப்பாத்து வெறிகொள்ள வைத்திருந்தது.

அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுச் சுகந்தியோடு கந்தோருக்குப் போனேன். சப்பாத்தை ஒரு சுப்பர்மார்க்கெட் பையில் போட்டுக் கொண்டுபோனோம். விசாரித்தது இளம் பெண் ஒருத்தி. பெண்கள் பயத்துக்கு ஆம்பிளைச் சப்பாத்து வைப்பதைச் சுகந்தி டெனிஷில் விளக்கினாள். நான் சப்பாத்தின் நாக்கை இழுத்து உள்ளே இருந்த என் பெயரைக் காட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். என்னுடையதுதான் என்று நிரூபிக்கக் காலையும் விட்டுக் காட்டப் போனேன். அந்தச் சப்பாத்தைப் போடுவதை விட்ட பிறகு நான் எல்லாப் பக்கமும் வளர்ந்திருந்தேன். கால் பாதியில் சிக்கிக்கொண்டது. கந்தோர் நடுவில் ஒற்றைக் காலில் துள்ளினேன். அந்தப் பெண் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, மிக மரியாதையாக, கழற்ற உதவினாள்.

பிறகு சுகந்தி ஈர அடையாளத்தைச் சொன்னாள். அந்தப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினாள்.

"பிள்ளைக்காசு நிற்காது. அதை நான் இன்றைக்கே முடித்துவிடுகிறேன்" என்றாள் டெனிஷில். "ஆனால் இன்றைக்கு நீங்கள் அந்த வீட்டுக்குப் போகவேண்டாம்."

பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை நேரே வேறெங்கோ கொண்டுபோனார்கள். எங்கே என்று எங்களுக்குச் சொல்லவில்லை. கேட்கவும் கூடாது என்றார்கள். ஒரு கிழமைக்குள் இரண்டு பேர் வந்து சாமான்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்குக் கந்தோர் வாசலில் அவர்களுடைய காரில் ஏறும் முன் சுகந்தி என்னைப் பார்த்து, "உங்களுக்குத்தான் கரைச்சல் தந்திட்டன் அண்ணை" என்றாள். "எனக்கென்ன கரைச்சல், பிள்ளை. ஒரு சோடி பழஞ்சப்பாத்து" என்றேன். அந்த நேரம் அப்படித்தான் நினைத்தேன்.

பையோடு வீட்டுக்கு வந்தபோது மனைவி சொன்னாள்: "கொண்டுபோய்த் திரும்ப மேல வையுங்கோ. ஆள் இருக்கிற வீடு மாதிரிக் கிடக்கட்டும். போனது தெரிஞ்சால் எங்க எண்டு தேடுவான்." அது எனக்கும் புத்தியாகப் பட்டது. கொண்டுபோய், நுனி கதவைப் பார்க்க, பக்குவமாக வைத்துவிட்டு வந்தேன். யாரும் இல்லாத வீட்டுக்கு யாரும் இல்லாத சப்பாத்து காவல்.

மழை விடாமல் பெய்த ஒரு விடியற்காலை, வேலைக்குப் போகக் கதவைத் திறந்தேன். என் கால்மிதியில் அந்தச் சப்பாத்து நின்றது.

இரண்டும் நனைந்திருந்தன. குதியில் சேறு. கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. நான் அப்படிக் கட்டுவதில்லை. நாக்கை வெளியே இழுத்து மடித்திருந்தார்கள். என் பெயர் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. கீழே பெல் அடிக்கிற இடத்தில் இருக்கிற அதே பெயர், ஆகப் பெரிய எழுத்தில்.

கைபிடியைப் பிடித்துக்கொண்டு மாமி ஏறி வருகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு அவர் வழமையைவிட வேகமாக வந்தார். கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கினார்.

"கீழயிருந்து அடையாளம் வருது" என்றார். "மூண்டாம் மாடிக்குப் போய், இறங்கி வெளியில பெல் பலகையடிக்குப் போய், திரும்ப இஞ்ச வந்திட்டுப் போயிருக்கு." பிறகு, நான் கேட்காமலே, "நான் தொடேல்லை, தம்பி" என்றார்.

"தெரியும் மாமி."

"நுனி எங்க பாக்குது எண்டு கண்டீரோ?"

கண்டேன். நுனி இரண்டும் என் கதவைப் பார்த்து நின்றன.

உள்ளேயிருந்து மகள், வெளியில் யார் என்று டெனிஷில் கேட்டாள். வழக்கம்போல ஒரு பகிடி சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மாமி என் காலைப் பார்க்கவில்லை. அந்தக் குனிந்த தலையை மெல்ல நிமிர்த்தி, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.